மினுங்கும் விளக்கு

பொருநையாற்றங்கரையில் வாழும் நமக்கு மின்சாரம் புதியதன்று. பாபநாசத்து மலையினின்று இறங்கும் நீரின் வேகத்தால் மின்சாரம் பிறக்கத் தொடங்கியது 1944ஆம் ஆண்டிலாகும். ஆயினும், ஆற்றுநீர் எல்லா வயலுக்கும் ஏறாதது போலவே, மின்கம்பியும் எல்லா வீட்டு வாயிலையும் எட்டவில்லை. காரையாற்றுக்கு அப்பால் வாழும் காணிமக்களின் குடியிருப்புகள் சிலவற்றுக்கும், தோட்டங்களின் நடுவே தனித்து நிற்கும் வீடுகளுக்கும், கதிரவனே இரவிலும் ஒளி தரவேண்டியவனாயினான். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கத்தார் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்திலும், 300 சதுர அடி கொண்ட வீடு ஒவ்வொன்றிலும் ஐந்து சூரிய விளக்குகள் அமைக்கப்பெற்றன. ஆதலின் இவ்விளக்குகளுக்கு நேரும் பிணியொன்றைப் பற்றிச் சிறிது ஆராய்வது வீண்வேலையாகாது.

அப்பிணி மினுங்குதல் என்பது. விளக்கு அறவே அணைந்துபோனால் குறை வெளிப்படை. எரிந்தும் எரியாமலும் துடித்துக்கொண்டிருந்தாலோ, குறை எங்குளதென்பது எளிதிற் புலப்படாது. பழைய இழை விளக்கில் இழையின் சூடு உடனே ஆறாது. ஆகையால் மின்னோட்டம் ஒரு கணம் தளர்ந்தாலும் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. எல்.இ.டி. விளக்கிலோ சூட்டினால் ஒளி பிறப்பதன்று. மின்னோட்டம் தளர்ந்த அக்கணமே ஒளியும் தளரும். எனவே பிற உறுப்புகளின் குறையையெல்லாம் மறைக்காமல் எடுத்துக் கூறும் சாட்சியாக அது விளங்குகின்றது. நாமோ சாட்சியையே குற்றவாளியாக்கி விடுகின்றோம்.

என் ஆச்சியின் வீட்டில் நிகழ்ந்ததும் இதுவே. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தோப்பொன்றில், கம்பி எட்டாத சிறு வீட்டில் அவர்கள் தனித்து வாழ்கின்றார்கள். கூரைமேல் ஒரு சூரியத் தகடு. உள்ளே 12 வோல்ட் பாட்டரி, இரண்டு விளக்குகள், ஒரு சிறு மின்விசிறி. இவையே அங்குள்ள ஏற்பாடு. சென்ற ஐப்பசியில் விளக்குகள் மினுங்கத் தொடங்கின. கடைக்காரர் ஒருவர் மும்முறை விளக்கை மாற்றிக் கொடுத்தும் பயனில்லை. பன்றியும் பாம்பும் உலவும் இடத்தில், பார்வை மங்கிய மூதாட்டியை நம்பிக்கையற்ற வெளிச்சத்தில் விட்டுவைத்தல் தகாதென்று கருதிய என் மாமா, தை பிறந்ததும் அவர்களைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தார். ஆச்சிக்கோ அத்தோப்பை விட்டகலுதல் உயிரை விட்டகலுதல் போன்றது.

விடுமுறைக்குச் சென்றிருந்த நான், பௌதிகம் பயில்பவனாகையால், அதனை ஆராய ஒரு வாரம் தவணை கேட்டேன். முதலில் விளக்கொன்றைக் கழற்றிச் சிறு கம்பியால் நேரே பாட்டரியுடன் இணைத்தேன். அது அசையாமல் எரிந்தது. விளக்கின்மேல் பழியில்லை என்பது தெளிவாயிற்று. அடுத்து, எப்பொழுது மினுங்குகின்றதென்று ஆச்சியை வினவினேன். “விசிறியைப் போட்டால்தான் துடிக்கிறது, ஐயா, நிறுத்தினால் அடங்கிவிடும். வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை” என்றார்கள்.

அச்சொல்லே பாதி வழியைக் காட்டிற்று. வோல்ட் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். பாட்டரியின் முனையில் 12.5 வோல்ட் இருந்தது. விசிறி நின்றிருக்கையில் விளக்கின் வாயிலில் 11.9, அது சுழல்கையில் 10.9. பதினொன்றுக்குக் கீழ் இறங்கினால் தடுமாறும்படி அமைந்தது அவ்விளக்கு. கடைமடைக்கு நீர் வரவில்லையென்றால் வயலை வைது பயனென்ன? கால்வாயின் வழியே மதகை நோக்கி மேலேறிப் பார்ப்பதன்றோ நம்மூர் வழக்கம்? அவ்வாறே கம்பிவழியே அளந்துகொண்டு சென்றேன். பாட்டரியின் முனைக்கும் அதனைக் கவ்வியிருந்த பிடிக்கும் இடையே மட்டும் 1.4 வோல்ட் மறைந்துபோயிற்று. செம்மையான இணைப்பில் அவ்விடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே குறையலாகாது. பிடியைக் கழற்றினால் உள்ளே வெண்பொடி படர்ந்து, மரையும் தளர்ந்திருந்தது.

இதனைச் சரிசெய்வோர் ஒரு முறையைக் கைக்கொள்ள வேண்டும். முதலில் சூரியத் தகட்டின் கம்பியையும், பின்னரே பாட்டரியின் கம்பியையும் கழற்றுதல் வேண்டும். திரும்ப மாட்டுகையில் பாட்டரி முன்னும் தகடு பின்னுமாக அமைதல் நன்று. மோதிரம், வளையல்களை நீக்கிக்கொள்க. ஆப்பசோடா கலந்த வெந்நீரால், பாட்டரியின் உள்ளே சிந்தாதபடி, பொடியைத் துடைத்து, நன்கு உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, மரையை இறுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவினேன். அன்றிரவு விசிறியும் சுழன்றது. விளக்கும் அசையாது நின்றது. மாமா இரண்டு நாழிகை அதன் கீழ் அமர்ந்திருந்து பார்த்தார். பாளையங்கோட்டைப் பேச்சு அத்துடன் நின்றது.

எல்லா இடத்தும் காரணம் இதுவே என்று கொள்ளற்க. பகலில் வெயில் ஏறும்பொழுது மட்டும் மினுங்குமாயின், பாட்டரி நிரம்புங்கால் சார்ஜ் கண்ட்ரோலர் மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புவதே காரணமாகலாம். அணைவதும் எரிவதும் மூச்சுவிடுவது போல முறையாக நிகழுமாயின், பாட்டரி வலியிழந்து, கண்ட்ரோலர் அதனைக் காக்கத் துண்டிப்பதாகலாம். தொலைவிலுள்ள விளக்கு மட்டும் தளருமாயின் கம்பி மெலிந்ததென்க. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 20 மீட்டர் தொலைவுக்கு 2 ஆம்பியரைக் கொண்டுபோய் மீள்வதற்குள் 1.4 வோல்ட் அளவு விழுங்கிவிடும். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியோ அதில் நாலிலொரு பங்கே கொள்ளும். பல விளக்குகளுள் ஒன்று மட்டும் எங்கு மாட்டினும் துடித்தால், அப்பொழுதே விளக்கைக் குறை கூறுக.

நீல ஒளி தரும் டயோடை ஆக்கி, வெண்ணிற எல்.இ.டி. விளக்குக்கு வழி திறந்த அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவர் 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அத்தகைய பேரறிவின் பயனும் ஒரு தளர்ந்த மரையினால் தடைப்பட்டு நிற்கக் காண்கின்றோம். அம்மரையைக் கண்டுபிடிக்கப் பெருங்கல்வி வேண்டுவதில்லை; பொறுமையும், அவ்விளக்கின் கீழ் நாடோறும் வாழ்வோரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பணிவுமே வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லுங்கால், அளவுகருவி ஒன்றையும், கேட்கும் செவிகள் இரண்டையும் உடன்கொண்டு செல்வார்களாக.