இதானா?

ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று டீ குடித்திருக்கிறீர்களா? ஒரு டிரெய்லர் லாரி திரும்பி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். போன வாரம் அங்கே அக்கா பையனுக்காகக் காத்திருந்தேன். கார் உதிரிபாக கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். செல்போனில் பேடன்ட் ஆபீஸ் அனுப்பிய ஆய்வு அறிக்கை.

கார் கம்பெனி அடுத்து எந்த பாகத்தைக் கேட்கும் என்று கணித்து, டிராலியை அடுக்கச் சொல்லும் சாஃப்ட்வேர் அவனுடையது. ராத்திரி ராத்திரியாக வீட்டில் எழுதியது.

"ரெண்டு பழைய டாக்குமென்ட்டைக் காட்டி, சேர்த்துப் படிச்சா இது யாருக்கும் தோணும்கிறாங்க மாமா!"

பேப்பர் கப்பில் படம் போட்டு விளக்கினான். மூன்றே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. 'இதானா?' என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வில்லங்கமே அந்த 'இதானா'வில்தான். விடை தெரிந்துவிட்டால் எந்த விடுகதையும் சுலபம். அதனால்தான் சட்டம், விண்ணப்பம் போட்ட காலத்துக்கே போய், அந்தத் துறை தெரிந்த ஆளுக்கு அன்றைக்கு இது தோன்றியிருக்குமா என்று கேட்கச் சொல்கிறது. சொல்வது சுலபம்!

யாஹூவே இதில் அடிபட்டிருக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால், அதிகக் காசு தருகிறவர் விளம்பரம் மேலே வருகிறதே... அந்த ஏல முறைக்கு இங்கே பேடன்ட் கேட்டார்கள். ரீடிஃப் எதிர்த்தது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அப்பீல், சென்னையிலிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. 2011 டிசம்பரில் அங்கேயும் தோல்வி. புதுமை தொழில்நுட்பத்தில் இருக்க வேண்டும், வியாபாரம் செய்யும் விதத்தில் இருந்தால் போதாது என்றது வாரியம். ஆனால், இதே யோசனைக்கான அமெரிக்க பேடன்ட் வழக்கை முடித்துக்கொள்ள 2004-ல் கூகுள் யாஹூவுக்குக் கொடுத்தது 27 லட்சம் பங்குகள்! (வேறொரு தகராறும் அதில் சேர்த்தி.)

"பதில் போட ஆறு மாசம் இருக்கில்ல? எவ்வளவு மிச்சமாகும்னு எழுதாதே. உள்ளே அது எப்படி வேலை செய்யுது, அந்த ரெண்டு டாக்குமென்ட்லயும் எது இல்லைன்னு எழுது" என்றேன்.

"அதுக்கும் ஒத்துக்கலைன்னா?"

வாரியத்தை 2021-ல் மூடிவிட்டார்கள். இப்போது அப்பீல் நேராக ஹைகோர்ட்டுக்கு. அதைச் சொன்னதும், "வக்கீல் ஃபீஸை யார் தர்றது?" என்றான். நான் டீக்குக் காசு கொடுக்கத் திரும்பிக்கொண்டேன்.

கப்பை மடித்துப் பையில் வைத்தபடி கேட்டான். "நிஜமா சொல்லுங்க மாமா... உங்களுக்கு இது தோணியிருக்குமா?"

"சத்தியமா தோணியிருக்காதுடா."

"நீங்க பி.காம். உங்க சாட்சி செல்லாது" என்று ஹெல்மெட்டை மாட்டினான்.