ட்ராக்குக்கு ஒரு சின்ன வண்டி

பட்டியல் எழுதிப் பார்க்கிறேன். ஸ்விஃப்ட். போலோ ஜிடி. பலேனோ ஆர்எஸ். ஐ20 என் லைன். ஃபிகோ. அபார்த் புன்டோ. அல்ட்ரோஸ் ரேசர்.

இதில் பாதிக்கு மேல் இன்று ஷோரூமில் கிடையாது.

பலேனோ ஆர்எஸ் 2017-இல் வந்தது, 2020-இல் போனது. போலோ 2022-இல் நின்றது. ஃபிகோ செய்த ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அபார்த் புன்டோ 2015-இல் வந்தபோது 145 குதிரை, விலை 10 லட்சத்துக்கு ஐயாயிரம் குறைவு. அதை வாங்கினவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கம்பெனியின் வண்டிகளே இப்போது இங்கே புதிதாகக் கிடைப்பதில்லை.

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வெளிநாட்டில் ஓடுகிறது. இங்கே விற்றதே இல்லை.

வேகமான சின்ன வண்டிக்கு நம்மிடம் ஆயுசு குறைவு.

&nbsp;

நீளம் பார்க்கிறேன். ஐ20 3,995 மில்லிமீட்டர். பலேனோ ஆர்எஸ் 3,995. அல்ட்ரோஸ் 3,990. போலோ 3,971.

எல்லாம் நாலு மீட்டருக்குச் சற்றே உள்ளே.

2006 மத்திய பட்ஜெட். நாலு மீட்டருக்குள் நீளம். பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500-க்குள். அப்படி இருந்தால் கலால் வரி 24 சதவீதம் இல்லை, 16.

2005-இல் வந்த ஸ்விஃப்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். எஸ்டீமில் இருந்த அதே குடும்பம். 2010-இல் அது 1.2 ஆனது.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியது. சின்ன காருக்கு 18 சதவீதம். அளவுகோல் அதே நாலு மீட்டர், அதே 1,200.

&nbsp;

திருமலைக்கு ஏறும் பாதை வேறு, இறங்கும் பாதை வேறு. இறங்குவது 1944-இல் போட்டது. ஏறுவது 1974-இல்.

நேரம் குறித்த சீட்டு. ஏறுவதற்கு 28 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இறங்குவதற்கு 40. முன்னாலேயே வந்து நின்றால் அபராதம்.

வளைவு தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தி, மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கும்.

அலிபிரியில் இறங்கி வரும் வண்டிகளின் பக்கத்தில் நின்றால் பிரேக் கருகின வாடை. குறிப்பாகக் கியரில் இறக்காமல் பெடலிலேயே கால் வைத்து வந்த வண்டிகளில். கூரையில் மூட்டை, உள்ளே ஏழு பேர்.

&nbsp;

அக்கா மகன் கேட்கிறான். "மாமா, ஏழு லட்சம் வெச்சிருக்கேன். ஸ்டேஜ் ஒன் ரீமேப் பண்ணா போலோ எவ்வளவு குதிரை வரும்?"

"பிரேக்குக்கு எவ்வளவுடா ஒதுக்கியிருக்கே?"

"அதான் வண்டியிலேயே வருதே மாமா."

&nbsp;

பிரேக் ஆயில். டாட் 3 என்றால் புதிதாக ஊற்றும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. டாட் 4, 230. டாட் 5.1, 260.

ஆனால் அது காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய டாட் 4-க்கு வரையறை 155 டிகிரிதான்.

கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

பாட்டில் மூடியைத் திறந்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த மாதம் ஊற்றுகிற கடைகள் உண்டு. மூடி சீல் உடையாத பாட்டிலாகக் கேட்டு வாங்க வேண்டும்.

75-இல் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கும் 150-இல் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கும் இருமடங்கு வித்தியாசம் இல்லை. நான்கு மடங்கு. அத்தனையும் சூடாக மாறி டிஸ்கில் இறங்குகிறது. ட்ராக்கில் இது சுற்றுக்குச் சுற்று, பல வளைவுகளில்.

ஸ்விஃப்டுக்குப் பின்னால் டிரம். போலோ ஜிடிக்கும் டிரம். அபார்த்துக்கு நாலும் டிஸ்க்.

மனசு அபார்த் பக்கம் போகிறது. பேட் தேய்ந்தால் எங்கே போய் வாங்குவது?

&nbsp;

இருங்காட்டுக்கோட்டை. 1990-இல் திறந்த ட்ராக். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். 12 வளைவு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது, கிளப் 1953-இல் தொடங்கியது.

அதற்கு முன் சோழவரம். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். ரேஸ் என்றால் சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயர்தான்.

ட்ராக் வந்த பிறகு, அதே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை. 1998-இல் முதல் சான்ட்ரோ. இப்போது ஐ20 அங்கேதான் பிறக்கிறது, என் லைனும் சேர்த்து. 120 குதிரை. மூன்று சிலிண்டர் டர்போ. 2023-இல் இருந்து கிளட்ச் பெடலோடு கூடிய மேனுவலும் உண்டு.

பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ரேஸ் ட்ராக். ஆனால் நம் பட்ஜெட்டில் அந்த வண்டி வராது.

&nbsp;

எங்கள் திருச்சானூரில் இருந்து ட்ராக்குக்குப் போகும் வழி. புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர்.

சுற்று வட்டாரத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதி வைக்கிறேன். கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி. சத்தியவேடு பக்கம் அப்போலோ டயர், ஹீரோ பைக். ஸ்ரீசிட்டியில் இசுசு. அரக்கோணத்தில் எம்ஆர்எஃப். ஸ்ரீபெரும்புதூரில் ஜேகே டயர்.

ட்ராக்கில் முதலில் சாவது டயரின் வெளித்தோள். நடுப்பகுதி புதிது போல இருக்கும். ஓரம் நார் நாராகக் கிழிந்திருக்கும். கம்பெனி வண்டியில் முன் சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. வளைவில் வண்டி சாய்ந்தால் பாரம் முழுக்க வெளி ஓரத்தில். சக்கரத்தின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்த்து வைக்க வேண்டும், கேம்பர். ஸ்ட்ரட் மேலே ஒரு தகடு மாற்றினால் போதும். குதிரை ஒன்றுகூட ஏறாது. நேரம் குறையும்.

காற்றும் கவனம். சூடானால் டயரில் அழுத்தம் ஏறும். முதல் சில சுற்று ஓடிவிட்டு உள்ளே வந்து சூட்டோடு சூடாகக் குறைக்க வேண்டும். சொந்தமாக ஒரு கேஜ். பெட்ரோல் பங்க் கேஜை நம்பக் கூடாது.

&nbsp;

கரிவரதன். கோயம்புத்தூர். மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்தவர். ஃபார்முலா மாருதி. நாராயண் கார்த்திகேயன் அந்த வகை வண்டியில் ஓட்டிப் பழகித்தான் 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போனார்.

40 குதிரைகூட இல்லாத எஞ்சின்.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்து ட்ராக்குக்கு அவர் பெயர்.

&nbsp;

போலோ கப் ரேஸ் தொடர், 2010. முதலில் டீசல் எஞ்சின் போட்ட ரேஸ் வண்டிகள். சத்தமே இல்லாமல் போகும் ரேஸைப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், ஆனால் வளைவை விட்டு வெளியே வரும் இழுப்பு டீசலுக்கே உரியது. 2012-இல் பெட்ரோல், 1.4 டர்போ, 180 குதிரை.

பிறகு வென்டோ. பிறகு 2017-இல் அமியோ. அமியோவின் நீளம் 3,995. பின்பக்கத்தைக் குறுக்கி அந்த அளவுக்குள் கொண்டுவந்தார்கள்.

போலோவின் ஓடு கெட்டி. கதவை மூடும் சத்தத்துக்கே காதலிப்பவர்கள் இருக்கிறார்கள். ட்ராக்கில் அந்தக் கெட்டி எடை. 1,000 கிலோவைத் தாண்டும். 2018 ஸ்விஃப்ட் 900-க்குள்.

பழைய பெட்ரோல் ஜிடியில் ஏழு கியர் ஆட்டோமேட்டிக், உலர் கிளட்ச். கத்திரி வெயிலில், சுற்று மேல் சுற்று. வேண்டாம் என்று தோன்றுகிறது. 2020-க்குப் பிந்திய 1.0 டர்போவில் ஆறு கியர் மேனுவல் உண்டு. அது நல்ல வண்டி. விற்கிறவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

&nbsp;

திருச்சானூர் தேர். கார்த்திகை பிரம்மோற்சவத்தில் எட்டாம் நாள்.

எல்லாரும் அம்மனைப் பார்ப்பார்கள், வடம் பிடிப்பவர்களைப் பார்ப்பார்கள். நான் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும் ஆட்களைப் பார்க்கிறேன். கையில் முட்டுக்கட்டை. எந்தச் சக்கரத்தடியில், எந்தக் கோணத்தில், எந்த நொடியில் கட்டையைத் தள்ளுவது என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். மூலை திரும்புவதும் கட்டையால்தான்.

கட்டை போட்டதும் கையை இழுத்துக்கொள்கிற வேகம்.

&nbsp;

சென்னைப் புதுப்பேட்டை. கழற்றிப் போட்ட வண்டிகள். கதவு ஒரு கடை, ஸ்டீயரிங் ராக் ஒரு கடை, ஹெட்லைட் ஒரு கடை. ஸ்விஃப்ட் முன்பக்க ஹப் கேட்டால் உள்ளே போய் மூன்று எடுத்து வந்து தரையில் வைக்கிறார்கள். விரலால் பேரிங்கைச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

அபார்த் என்று கேட்டேன். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். இல்லை என்கிற ஆட்டல்.

ரேஸில் வண்டி மோதும். மோதாத வருடம் கிடையாது. ஞாயிறு மோதினதைத் திங்கள் எடுத்துச் செவ்வாய் டிங்கர் வேலைக்கு விட முடிகிறதா என்பதுதான் கேள்வி.

&nbsp;

திருப்பதியில் ஒரு பட்டறை. ரோல் கேஜ் செய்து தருகிறேன் என்கிறார். குழாயைக் காட்டச் சொன்னேன். தண்ணீர்க் குழாய். ஜிஐ.

சர்வதேச விதியில் மெயின் ஹூப்புக்கு, அதாவது கூண்டின் முக்கிய வளையத்துக்கு, இணைப்பு இல்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீல். 45 மில்லிமீட்டர் விட்டம் என்றால் 2.5 கனம். 50 என்றால் 2. வெல்டிங் முழுச் சுற்று.

ஜிஐ குழாயில் துத்தநாகப் பூச்சு. பற்றவைத்தால் வரும் புகை பற்றவைப்பவருக்குக் கேடு. வண்டி உருண்டால் குழாய் ஓட்டுநருக்குக் கேடு.

நல்ல மனிதர். "நீங்க குழாய் வாங்கிக் குடுங்க அண்ணா, நான் ஒட்டித் தரேன்" என்றார்.

&nbsp;

இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிக்கிறேன். யாரும் படிக்காத பக்கம். எதற்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியல். வாடகைக்கு விடுவது. ரேஸ். வேகச் சோதனை.

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. கம்பெனி கொடுத்த அளவுகளை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

ஆகவே அறுத்து வெல்டிங் செய்த வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. ட்ராக் வரை லாரி மேல் போக வேண்டும். அந்த வாடகையையும் ஏழு லட்சத்துக்குள் வைக்க வேண்டும். யாரும் வைப்பதில்லை.

&nbsp;

அக்கா மகன் பின் சீட்டைக் கழற்றினான். ஸ்டெப்னி, ஜாக்கி, கார்பெட், அடியில் ஒட்டியிருந்த தார் ஷீட். நண்பன் வண்டியில் பழகிப் பார்க்கிறானாம்.

கார்பெட்டுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசுகள், லட்டு கவர், யாரோ குழந்தையின் காது வளையம். வளையத்தைத் திருப்பிக் கொடுக்க ஆள் தேடுகிறான்.

&nbsp;

ரேஸ் ஓட்ட, மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம். மருத்துவச் சான்று. ஜூனியர் டூரிங் கார் என்பது போலப் பல பிரிவுகள். எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறோம் என்று பார்த்துவிட்டு வண்டி வாங்க வேண்டும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் எந்த மாடல், எந்த எஞ்சின், எதை மாற்றலாம், குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று இருக்கும். வண்டி வாங்கின பிறகு அந்தப் புத்தகத்தைத் திறப்பவர்களே அதிகம்.

ரீமேப் செய்த டர்போ போலோ, தொடக்கப் பிரிவு ஒன்றிலும் பொருந்தாமல் நிற்கலாம்.

&nbsp;

கணக்கை மாற்றி எழுதுகிறேன்.

வண்டி பாதி. மீதிப் பாதியில் முதலில் ஹெல்மெட், பக்கெட் சீட், பெல்ட், ரோல் கேஜ். அடுத்து பிரேக் பேட், ஆயில், டயர். அடுத்து கேம்பர் தகடு, டேம்பர். மிச்சம் இருப்பது ட்ராக் கட்டணத்துக்கும் லாரிக்கும்.

எஞ்சினுக்கு எதுவும் இல்லை.

"எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்லையா மாமா?"

ஸ்பார்க் பிளக். நல்ல ஆயில். மாற்றி மாற்றி.

&nbsp;

என் தீர்ப்பு: ஸ்விஃப்ட். 2018-க்குப் பிந்தியது, 2024-க்கு முந்தியது. நாலு சிலிண்டர் 1.2 பெட்ரோல், மேனுவல். 80-சொச்சம் குதிரை போதும். புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும், திருப்பதியில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். முதல் வருடம் எஞ்சினைத் திறக்க வேண்டாம்.

இதைப் படிக்கிற தம்பிகளுக்கு ஒன்று. மலைப் பாதையில் பழகாதீர்கள், பைபாஸில் பழகாதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் பணம் கட்டினால் ட்ராக்கில் விடும் நாட்கள் உண்டு. ஹெல்மெட்டும் சீல் உடையாத பிரேக் ஆயிலும் வாங்கிவிட்டு, அப்புறம் வண்டி தேடுங்கள்.