விலாங்கின் மேல் ஒரு வழக்கு

விடுதியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: விலாங்கு. வகுப்பில் தெலுங்கு, பழைய நகரத்துக் கடைவீதியில் உருது, நம்மவரைக் கண்டால் தமிழ் என்று பேசுகிறேனாம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் பிராணி என்று நம் முன்னோர் அதன் மேல் சுமத்திய பழி, ஐதராபாத் வரை வந்து என் மேலும் விழுந்துவிட்டது. எனக்காக வாதாட நான் வரவில்லை. விலங்கியல் படிக்கிறவன் என்ற முறையில் விலாங்குக்காக வாதாடுகிறேன்.

விலாங்கு செவுளும் துடுப்பும் உள்ள அசல் மீன். ஆனால் அதன் பிறப்பு நெடுங்காலம் யாருக்கும் பிடிபடவில்லை. எந்த விலாங்கின் வயிற்றிலும் சினையைக் காணாத அரிஸ்டாட்டில், அது சேற்றிலிருந்து தானே உண்டாகிறது என்று எழுதி வைத்தார். பின்னாளில் உள்ளத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற பிராய்டு, 1876இல் மாணவராக இருந்தபோது, திரியெஸ்தே துறைமுகத்தில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து விந்துச் சுரப்பியைத் தேடினார். நானூறு! ஒரே ஒரு விலாங்கைக் கையில் பிடித்து நிறுத்த முயன்றவருக்குத்தான் அந்தப் பாடு விளங்கும். கடலுக்குப் புறப்படும் காலத்தில்தான் அவ்வுறுப்புகள் முதிரும் என்பது பிறகே தெரிந்தது.

நம் நாட்டு விலாங்கு, நூலில் அங்குயில்லா பெங்காலென்சிஸ், கிருஷ்ணாவிலும் கோதாவரியிலும் காவேரியிலும் வளர்கிறது. பிறப்பதோ இந்துமாக்கடலில். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய 'டானா' என்ற டேனிஷ் ஆய்வுக் கப்பல், சுமத்திராவுக்கு மேற்கே விலாங்கினக் குஞ்சுகளை வலையில் அள்ளியது. குஞ்சு இலை போல் தட்டை. உடம்பு கண்ணாடி போல் தெளிவு. நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து கரையை நெருங்கியதும் இலை உருண்டு கண்ணாடிக் குச்சி ஆகும். ஆற்றில் புகுந்தால் நிறம் ஏறும். பிறகு பல ஆண்டுகள் மடுவிலும் பாறை இடுக்கிலும் பகலைக் கழித்து, இரவில் இரை தேடும். ஒருநாள் புறப்பட்டுவிடும். கண் பெரிதாகும், குடல் சுருங்கும், உணவு நின்றுபோகும். கடலில் ஒரே முறை முட்டையிட்டு மடியும். திறந்த கடலில் நடக்கும் அந்தத் திருமணத்தை இதுவரை மனிதக் கண் கண்டதில்லை.

உவர்நீருக்கும் நன்னீருக்குமாக உடம்பையே மாற்றிக்கொள்ளும் இந்தப் பாட்டுக்கு இரட்டை வேடம் என்று பெயர் வைத்தவர், கரையில் உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

பழியைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று அதற்கு இருக்கிறது, நண்பர்களே. நம் மூசி, கிருஷ்ணாவின் துணையாறு. வங்கக் கடலிலிருந்து ஒரு குட்டி விலாங்கு சார்மினார்ப் பக்கம் வர நினைத்தால், முதலில் விஜயவாடாவில் 1957இல் எழுந்த பிரகாசம் அணை. அதற்கு மேல் 2013இல் திறந்த புலிச்சிந்தலை. அதையும் தாண்டி மூசிக்குள் திரும்பினால் சூரியாப்பேட்டைக்கு அருகே இன்னோர் அணை. ஈரமான கல்லில் ஊர்ந்து ஏறக்கூடிய குட்டிதான். தோலாலும் மூச்சு வாங்கும். ஆயினும் ஓங்கி நிற்கும் இரும்பு மதகில் எதைப் பற்றி ஏறும்? ஏறி வந்தாலும் நகரத்துச் சாக்கடை கலந்த மூசிதான் எதிரே வரும்.

மேலை நாடுகளில் தடுப்பணை ஓரமாகத் தூரிகை மயிர் நட்ட சாய்வுப் பலகைகளைப் பொருத்தி நீரைக் கசியவிடுகிறார்கள். குட்டிகள் அதில் நெளிந்து நெளிந்து மேலே போகின்றன. நம் சங்கத்தில் பொறியியல் படிப்போர் பலர் உண்டு. அப்படியொரு பலகைக்கு யாராவது வரைபடம் போட்டுத் தந்தால், குட்டியின் நீளம் பருமன் கணக்குகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.