பழைய முகவரியைத் தேடிய கோப்பு

எங்கள் பள்ளி ஆண்டிதழ் அச்சுக்குச் செல்ல நான்கு நாள்களே இருந்தன. கோப்புகளைச் சேமித்து வைக்கும் சர்வரை அவ்வாரந்தான் புதுப்பித்து, அதற்குப் புதுப்பெயரும் இட்டிருந்தனர். அதன்பின் இன்டிசைன் மென்பொருளில் ஒரு கோப்பு திறக்கவே ஐந்து நிமிடமாயிற்று. புதிய கணினிகள் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. கையிலிருந்த பணமோ, மாணவர்களின் பயிற்சி நூல்களுக்கெனப் பெற்றோர் தந்தது.

கோப்பை மட்டும் என் கணினியின் வன்தட்டில் படியெடுத்துத் திறந்து பார்த்தேன். அப்போதும் அதே தாமதம். ஆகவே, குறை வலையமைப்பின் வேகத்தில் இல்லை.

இன்டிசைன் பொதுவாகப் படங்களை முழுமையாகத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அவை இருக்கும் முகவரியையே குறித்துக்கொள்கிறது. மாணவர் வரைந்த ஓவியங்களைத் தேடி, இல்லாத பெயரை அழைத்து மறுமொழிக்குக் காத்திருந்தது கோப்பு. இணைப்புப் பட்டியலில் படங்களைப் புதிய இடத்தோடு மீண்டும் இணைத்துச் சேமித்தோம். சில நொடிகளில் திறந்தது. பயிற்சி நூல் பணமும் தப்பியது.

சர்வரை மாற்றுவோரிடம், இயன்றால் பழைய பெயரையே தொடரச் சொல்லுங்கள். இதழ் முடிந்ததும் 'பேக்கேஜ்' கட்டளையால் படங்களையும் எழுத்துருக்களையும் ஒரே கோப்புறையில் திரட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஆசிரியர் உங்களை வாழ்த்துவார்.