முதல் ஆண்டை நிறுக்கும் தராசு



குர்ஆன் ஓதிக்கொடுப்பதைப் பணியாகக் கொண்ட நாம், கிரிக்கெட் வீரர் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொண்டு எழுத வந்திருப்பது உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். விளையாட்டைப் புகழ்வது நமது நோக்கமன்று. பிறர் பெற்ற பிள்ளைகளை மதிப்பிடும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பில் நாம் இழைத்த ஒரு தவற்றை, பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் கிரிக்கெட் கணக்கைக் கொண்டே நமக்கு உணர்த்தினார். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

2021 நவம்பர் 22, திங்கட்கிழமை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அப்போது புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில்தான் அது திறக்கப்பட்டது. அதுவரை துறையூர், முசிறி, லால்குடிப் பேருந்துகளெல்லாம் சுற்றியுள்ள சாலைகளின் ஓரத்திலேயே நின்று ஆட்களை ஏற்றிச் சென்றன. மழைக்காலம். கால் வைத்த இடமெல்லாம் சேறு. அந்தச் சேற்றில் ஒரு தகரப் பெட்டியைக் கீழே வைக்க மனமின்றி இடுப்பில் அணைத்தபடி நமது மாணவர் நின்றிருந்தார். அவருடைய அத்தா படுக்கைச் சுருளைத் தோளில் போட்டிருந்தார். மகனை மதரஸாவிலிருந்து நிறுத்தி, துறையூருக்கு அழைத்துச் செல்கிறார். அவர்களை வழியனுப்ப நாமும் உடன் வந்திருந்தோம்.

நிறுத்தியதற்குக் காரணம் நாம் எழுதிய தாள். ஊரடங்குகள் முடிந்து மதரஸா முழுமையாகத் திறந்தபின், ஹிஃப்ழுப் பிரிவில் ஓராண்டைக் கடந்த ஒவ்வொரு மாணவருக்கும் மதிப்பீடு எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினோம். இவருடைய தாளில் நாம் எழுதியது இரண்டே வரி. மூன்று ஜுஸ்உ மட்டுமே மனனமாகியுள்ளது என்பது ஒன்று. நினைவாற்றல் போதாது, இப்பிரிவுக்கு ஏற்றவராகத் தெரியவில்லை என்பது மற்றொன்று. அவருடன் சேர்ந்த இன்னொரு மாணவர் எட்டு ஜுஸ்உ முடித்திருந்தார். எட்டையும் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தோம், எழுதிவிட்டோம்.

"ஹஜ்ரத், நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. இவனுக்கு ஓதல் ஏறவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கடையில் எனக்கு ஒரு கை குறைகிறது" என்றார் அத்தா. நாம் தலையசைத்தோம். மாணவர் எதுவும் பேசவில்லை.

பேருந்துக்குக் காத்திருந்த இடத்திற்கு அருகே ஒரு தேநீர்க் கடை. அங்கே பத்துப் பதினைந்து பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்றிருந்தார்கள். டெல்லியில் சையது முஷ்டாக் அலி கோப்பையின் இறுதிப்போட்டி. தமிழ்நாடும் கர்நாடகமும் மோதின. தமிழ்நாடு எடுக்க வேண்டியது 152. கடைசி ஓவரில் 16 ரன் தேவைப்பட்டது. கடைசிப் பந்தில் 5. பந்தை எதிர்கொண்டவர் சென்னையைச் சேர்ந்த ஷாருக் கான். அந்தப் பந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. கடையில் எழுந்த கூச்சலில் தேநீர்க் குவளை ஒன்று உடைந்தது. 15 பந்துகளில் 33 ரன் எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்று, கோப்பையை அவர் வென்று கொடுத்திருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் மகிழவில்லை. "ஐபிஎல்லில் ஐந்தேகால் கோடிக்கு இவரை வாங்கினார்கள். பதினோரு ஆட்டத்தில் 153 ரன். ஓர் அரைச் சதம்கூட இல்லை. இன்றைக்கு ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்றார்.

அதுவரை வாய் திறவாத நமது மாணவர் திரும்பினார். "அண்ணே, சென்னைக்கு எதிராக அவர் எத்தனைக்கு எத்தனை விக்கெட் போனபிறகு இறங்கினார் என்று தெரியுமா?" என்று கேட்டார். பிறகு அவரே வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். மனனம் வராது என்று நாம் எழுதிக்கொடுத்த பிள்ளை, ஒரு வீரரின் முதல் ஐபிஎல் பருவம் முழுவதையும் ஆட்டம் ஆட்டமாக ஒப்புவித்துக்கொண்டிருந்தார்!

அவர் சொன்னவற்றைப் பின்னர் நாமும் சரிபார்த்தோம். அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

ஷாருக் கான் 2014ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அணிக்காக ஆடத் தொடங்கியவர். முதல்தர ஆட்டத்தில் இடம் கிடைக்க 2018 வரை காத்திருந்தார். 2019 டிசம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் அவரை எவரும் எடுக்கவில்லை. 2021 பிப்ரவரி ஏலத்தில், 20 இலட்சம் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 5.25 கோடிக்கு எடுத்தது. ஏப்ரலில் பருவம் தொடங்கியது. அவருடைய இரண்டாவது ஆட்டம் மும்பையில் சென்னை அணிக்கு எதிராக நடந்தது. 26 ரன்னுக்கு 5 விக்கெட் வீழ்ந்துவிட்ட நிலை. அந்த இடிபாட்டில் நின்று 36 பந்துகளில் 47 ரன் எடுத்தார். அணி 106ஐ எட்டியது, ஆயினும் தோற்றது. மே மாதத் தொடக்கத்தில் பெருந்தொற்று காரணமாகப் பருவம் பாதியில் நின்றது. செப்டம்பரில் அமீரகத்தில் மீண்டும் தொடங்கியபின், கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தில் 9 பந்துகளில் 22 ரன் எடுத்து, சிக்ஸருடன் வெற்றியை முடித்துவைத்தார்.

பருவ முடிவில் 11 ஆட்டம், 153 ரன். அதே அணியின் தலைவர் ராகுல் 13 ஆட்டங்களில் 626 ரன் எடுத்தார். 626க்கு அருகில் 153ஐ வைத்தால் எவருக்கும் சிரிப்பு வரும். ஆனால் ராகுல் தொடக்க ஆட்டக்காரர். அவருக்கு ஏறத்தாழ 450 பந்துகள் கிடைத்தன. ஐந்தாறு பேருக்குப் பின் இறங்கிய ஷாருக்குக் கிடைத்தவை 114 பந்துகள்தாம். ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் பந்து. நூறு பந்துக்கு எத்தனை ரன் என்று பார்த்தால் ராகுல் 139, ஷாருக் 134. எட்டாத தொலைவாகத் தெரிந்த வேறுபாடு இங்கே ஐந்தாகச் சுருங்கிவிடுகிறது.

அதற்காக அவருடைய முதல் பருவத்தை வானளாவப் புகழவும் கூடாது. பல ஆட்டங்களில் அவர் வந்த வேகத்தில் திரும்பினார். கொடுக்கப்பட்ட விலைக்கு ஏற்ற பயன் கிடைத்ததா என்று கேட்டால், முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதே நேர்மையான விடை. பஞ்சாப் அணி அவ்வாண்டு ஆறாம் இடத்தில்தான் முடித்தது. ஆனால் இடிபாட்டில் பதறாமல் நிற்கக்கூடியவர் என்பதையும், முடித்துவைக்கும் துணிவு உள்ளவர் என்பதையும் அந்த 153 ரன்கள் காட்டின. முதல் ஆண்டில் ஒருவரிடம் தேட வேண்டியது அதைத்தான். குவியலின் உயரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சத்திரத்தின் சாலையோரத்தில் நின்று மாணவர் பேசப் பேச, நமது உள்ளம் அவருடைய தாளின் பக்கம் திரும்பியது. இந்தப் பிள்ளை எத்தனைக்கு எத்தனை விக்கெட் போனபிறகு இறங்கினார்?

அவர் 2020இல் ரமழானுக்குப் பின், ஷவ்வாலில் சேர்ந்தார். மதரஸா பூட்டிக் கிடந்தது. பாடம் கைப்பேசி வழியாக நடந்தது. அவர்கள் வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் அத்தாவுடன் கடைக்குப் போய்விடும். இரவு இஷாவுக்குப் பின் அவர் அனுப்பும் ஒலிப்பதிவை நாம் சில நாள் கேட்டோம். சில நாள் களைப்பில் கேட்காமல் விட்டோம். எட்டு ஜுஸ்உ முடித்த மாணவரின் அத்தா ஓர் ஆலிம். அவர் நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பின் மகனைத் தம் முன் உட்காரவைத்து ஓதவைத்தார். முன்னவருக்கு 450 பந்து, பின்னவருக்கு 114 பந்து. நாம் ரன்னை மட்டும் எண்ணியிருந்தோம்.

குறைகளே இல்லாதவரல்லர் நமது மாணவர். ஒன்றுபோல் ஒலிக்கும் வசனங்களில் தடம் மாறி வேறோர் அத்தியாயத்துக்குப் போய்விடுவார். புதிய பாடமான சபக்கில் காட்டும் ஆர்வத்தைப் பழைய பாடத்தைத் திருப்பி ஓதும் தவ்ரில் காட்டமாட்டார். இவற்றையெல்லாம் தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அத்தாவுக்கும் மாணவருக்கும் எதைச் சரிசெய்வது என்று தெரிந்திருக்கும். நாமோ குறையைச் சுட்டாமல் பிள்ளையையே குறையாக எழுதிவிட்டோம். மூன்று ஜுஸ்விலும் எழுத்துகளின் உச்சரிப்பு ஓரிடத்திலும் பிசகாது என்ற உண்மைக்கு அத்தாளில் ஓர் எழுத்தும் இல்லை.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டித்து அல்முதஃப்பிஃபீன் என்றொரு தனி அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாக நாம் ஓதிக்கொடுக்கிறோம். அது காய்கறிக் கடைக்காரரையும் ஜவுளி வியாபாரியையும் நோக்கியது என்றே எண்ணியிருந்தோம். நமது பேனாவும் ஒரு தராசு என்பது அன்றுதான் உறைத்தது. இருபது வயதையும் எட்டாத உஸாமா (ரலி) அவர்களைப் படைத்தலைவராக்கியபோது, வயதைக் காரணமாகக் காட்டி முணுமுணுத்தோருக்கு எதிராக நபி (ஸல்) அவர்கள் அவர் பக்கம் நின்ற வரலாற்றையும் நாம் ஆண்டுதோறும் கதையாகச் சொல்லிவந்தோம். பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டுக்கே உரிய ஒருவகைக் கால்பந்து ஆட்டம் உண்டு. தொழுகை, நோன்பு ஆகியவற்றை வெளிப்படையாகப் பேணியபடி அதன் உயர்மட்ட அணியில் ஆடிய பச்சார் ஹூலி என்னும் சகோதரர் 2007இல் அறிமுகமானார். முதல் நான்கு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை 26 ஆட்டங்களே. அத்தோடு எவரேனும் அவர் கணக்கை மூடியிருந்தால் அது தவறென்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னர் ரிச்மண்ட் அணிக்கு மாறி, 2017, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கோப்பை வென்ற அணியில் அவர் ஆடினார்.

துறையூர்ப் பேருந்து வந்தது. "பாய், அந்தத் தாளை ஒருமுறை கொடுங்கள்" என்று கேட்டோம். அது பெட்டிக்குள் இருந்தது, திறக்க நேரமில்லை. நடத்துநர் விசில் அடித்துவிட்டார். மாணவர் சன்னல் வழியே ஸலாம் சொன்னார். மெயின்கார்டு கேட் வரை நடந்தே திரும்பினோம். அஸர் தொழுகையில் நமது உள்ளம் நிலைகொள்ளவில்லை.

உண்மையைச் சொல்வதானால், நம்மை வாட்டியது அன்றைய தாள் மட்டுமன்று. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவரைப் பற்றியும் ஏறத்தாழ இதே வரிகளை எழுதியிருக்கிறோம். அவரையும் அழைத்துப் போனார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார், ஓதுகிறாரா என்பது நமக்குத் தெரியாது. அந்தத் தாளைத் திரும்பப் பெற இனி வழியில்லை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மீண்டும் சத்திரம் வந்து துறையூர்ப் பேருந்தில் ஏறினோம். கையில் புதிதாக எழுதிய தாள், இரண்டு பக்கம். எந்தச் சூழலில் எவ்வளவு ஓதினார், எது நன்றாக இருக்கிறது, எங்கே தடுமாறுகிறார், நமது பக்கம் என்ன குறை நடந்தது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். அத்தா கடையில் நின்றபடியே அதை இருமுறை படித்தார். "உங்கள் பக்கத்துக் குறையையும் எழுதியிருக்கிறீர்களே, ஹஜ்ரத்" என்றார். பிறகு, "இன்னும் ஓராண்டு பார்ப்போம்" என்றார். மாணவர் உள்ளே மூட்டைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குப்பின் எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் அதுவும் நிறுவை மோசடியாகிவிடும். ஷாருக் கான் 2022 பிப்ரவரியில் ரஞ்சிக் கோப்பையில் டெல்லிக்கு எதிராக 148 பந்துகளில் 194 ரன் எடுத்தார். ஏலத்தில் 9 கோடிக்கு உயர்ந்தார். ஆனால் அவ்வாண்டு ஐபிஎல்லில் 8 ஆட்டங்களில் 117 ரன்னே எடுத்தார். பின்னர் குஜராத் அணிக்கு மாறினார். ஏற்றமும் இறக்கமுமாகவே அவர் பயணம் செல்கிறது. நமது மாணவரும் இன்னும் ஹாஃபிழாகவில்லை. இருபத்திரண்டு ஜுஸ்உ முடித்திருக்கிறார், பாலிடெக்னிக்கில் படிக்கிறார். விடுமுறை நாள்களில் சத்திரத்தில் இறங்கி நேரே நம்மிடம் வந்து ஓதிக்காட்டுகிறார். ஒன்றுபோல் ஒலிக்கும் வசனங்களில் இப்போதும் சில நேரம் தடம் மாறுகிறார். தவ்ரை மட்டும் தவறவிடுவதில்லை.

பெற்றோருக்கும் உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பிள்ளையின் முதல் ஆண்டைப் பற்றி எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அவர் எந்த நிலையில் தொடங்கினார்? அவருக்கு எத்தனை வாய்ப்புத் தரப்பட்டது? தர வேண்டியவற்றில் நாம் எதைத் தராமல் விட்டோம்? இவற்றுக்கு விடை எழுதியபின் எண்ணிக்கையை எழுதுங்கள். குறையையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் திருத்திக்கொள்ளக்கூடிய வகையில் எழுதுங்கள்.

நமது ஏடும் ஒருநாள் நிறுக்கப்படும். அன்று நமது சூழலையும் இயலாமையையும் கருதி அருளோடு நம்மை நோக்கும் இறைவனையே நாம் நம்பியிருக்கிறோம். நமக்கு எதிர்பார்க்கும் அந்தச் சலுகையை நம் பிள்ளைகளுக்கும் வழங்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.