எழுந்து நிற்கும் வரை

முதல் நாள், விடியற்காலை

முதியவர்களுக்கு இடுப்பு முறிவு பெரும்பாலும் வீட்டுக்குள்தான் நேர்கிறது: ஈரக் குளியலறை, இருட்டில் தடுக்கும் மிதியடி. பெயர்தான் இடுப்பு முறிவு; உடைவது தொடை எலும்பின் மேல்முனை. விழுந்தவரின் கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும். எண்ணெய் போட்டு நீவுவதும் பத்தை வைத்துக் கட்டுவதும் இங்கே உதவாது, நாள்தான் வீணாகும்.

அன்று மாலை

எக்ஸ்ரேயில் முதலில் தேடுவது முறிவின் இடம். தொடை எலும்பின் பந்துத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த எலும்பின் கழுத்தை ஒட்டி ஏறும் நுண்குழாய்கள் வழியே போகிறது. கழுத்து உடைந்து விலகினால் அவை அறுபடலாம். திருகாணி போட்டுச் சேர்த்தாலும் தலை பட்டுப்போகக்கூடும். ஆகவே முதியவருக்கு அதை அகற்றி உலோகத் தலை பொருத்துவார்கள்; நன்றாக நடமாடியவருக்கு அந்தத் தலை பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தையும் மாற்றுவதுண்டு. இளையவருக்குச் சொந்தத் தலையைக் காக்கவே முயல்வார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டம் தாராளம், எலும்பு கூடும். தகடும் திருகாணியும், அல்லது எலும்புக்குள் செருகும் கம்பி, தாங்கிப் பிடிக்கும்.

இரண்டாம் நாள்

அறுவைக்கு உகந்தது முதல் 24–48 மணி நேரம். இந்த வயதில் கத்தி வைக்கலாமா என்று குடும்பம் கலங்கும். ஆனால் கத்தியைவிடப் படுக்கையே கொடியது: அசையாத காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறும், நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா ஆகும், முதுகடியில் புண் வைக்கும்.

மூன்றாம் நாள்

அறுவை முடிந்த மறுநாள் காலையிலேயே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கிறார்கள்.

அன்று இரவு

நோயாளி பெற்ற மகளையே யாரென்று கேட்பார், ஊசிக்குழாயைப் பிடுங்குவார். இது பைத்தியமல்ல; முதியோரிடம் அடிக்கடி வரும் திடீர் மனக்குழப்பம். அடக்கப்படாத வலி, நீர் வற்றுதல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சில மருந்துகள் எனக் காரணங்களைத் தேடித் தீர்க்க வேண்டும். கட்டிப்போடுவது பெருந்தவறு. மூக்குக்கண்ணாடி கையெட்டும் தூரத்தில், தெரிந்த முகம் பக்கத்தில், இரவில் விளக்கணைத்த உறக்கம்: இவை எந்த மாத்திரைக்கும் குறைந்தவை அல்ல.

மூன்றாம் மாதம்

கால் தேறியதும் பலர் மறப்பது முறிவுக்கு அடிப்படையான எலும்புப்புரையை. அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் தொடங்கி ஆண்டுக்கொரு முறை எலும்புப்புரை மருந்தான சோலெட்ரானிக் அமிலத்தை ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்திருந்தன. இந்த ஊசியோடு, கால்சியம், வைட்டமின் டி, கண்புரைச் சிகிச்சை, தூக்க மாத்திரைகளின் மறுபரிசீலனை, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி. மற்ற இடுப்பு இன்னும் முறியாமல் இருக்கிறது.