டிரையரிலிருந்து தொடங்கும் கணக்கு

குறுவை நெல் வந்து இறங்கும் நாட்களில் திருத்துறைப்பூண்டி வட்டாரத்துப் புழுங்கல் அரிசி ஆலை ஒன்றுக்குப் போயிருந்தேன். அரசுக் கொள்முதல் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலை. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

“இன்னிக்கு எவ்வளவு நெல்லு ஊறப் போடுவீங்க?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன். நெல் உலர்த்தும் டிரையர் பக்கம் கை காட்டினார். “அது எப்ப காலியாகுதோ அதை வச்சுத்தான் சார். ஊறப் போட்டுட்டா அப்புறம் நிறுத்த முடியாது.”

ஆலையின் மொத்தத் திட்டமும் இதில் அடங்கிவிடுகிறது. வெந்நீரில் சில மணி நேரம் ஊறிய நெல்லை உடனே அவிக்க வேண்டும். தாமதித்தால் புளித்து வாடை ஏறும், அரிசி நிறம் மாறும். அவித்ததைக் காயவைத்து ஈரத்தை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். காய்ந்த சூட்டோடு அரைத்தால் நொய்யாக உடையும் என்பதால் ஆறவிடுவார்கள். ஆகவே டிரையர் காலியாகும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தொட்டியில் நெல் கொட்டுகிறார்கள். பாய்லருக்கு எரிபொருள் அதே நெல்லின் உமி. அது தீர்ந்தாலும் ஆலை நிற்கும் என்பதால் உமிக் குவியலுக்கும் இருப்புக் கணக்கு உண்டு.

கிடங்கில் அட்டி அட்டியாக 40 கிலோ மூட்டைகள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது விதி. ஆனால் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் நேற்று வந்த அட்டியில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த நெல்லை மூடிப் பிடித்துப் பார்த்தார். “சூடு ஏறுதுண்ணே, இதை முதல்ல எடுக்கணும்” என்றார். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் வரிசையை மாற்றினார். இந்தத் தீர்ப்பு சரியாக இருந்தால்தான் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்று நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்குக் கணக்குக் காட்ட முடியும். அந்தக் கைக்குக் கூலி மூட்டைக் கணக்கில்தான். அது போதாது என்றே நினைக்கிறேன்.

ஆலைக்குள் இருக்கும் இந்த ஒழுங்கு கொள்முதல் நிலையத்தில் இல்லை. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும் என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்பது ஏறக்குறைய ஆண்டுச் சடங்காகிவிட்டது. 2025 குறுவையில் நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலக்க வேண்டிய செறிவூட்டப்பட்ட அரிசிக்கு ஒன்றிய அரசின் அனுமதி தாமதமானதால் அரவை தடைபட்டதாக மாநில அரசு சொன்னது. ஒரு கிலோ வராததால் நூறு கிலோ நகரவில்லை. கொள்முதல் நிலையங்களில் நெல் தேங்கி மழையில் நனைந்து முளைவிட்டது.

ஈர நெல் யாருடைய கோப்புக்காகவும் காத்திருக்காது. நிலையத்துக்கு ஒரு கூரைக் களம், சில நிலையங்களுக்குப் பொதுவாக ஒரு டிரையர், அறுவடைக்கு முன்பே சாக்கும் லாரியும் செறிவூட்டப்பட்ட அரிசியும். இவை அடுத்த குறுவைக்குள் வந்தாக வேண்டும்.